நிறம் மாறாத மருந்துக் குப்பி

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது போடிக்குப் பக்கத்தில் சிலமலையில் குடியிருந்தோம். என் கணவர் ஜீப் டிரைவர். ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன் மலைக்குக் கிளம்பிவிடுவார். அந்த நேரத்தில் யாருக்கு இட்லி இறங்கும்? வெறும் வயிற்றோடு போய், மேலே கடையில் பால் ஊற்றாத கட்டங்காப்பிதான்.

கல்யாணமான நாளிலிருந்தே அவருக்கு வயிற்றெரிச்சல். அதற்குக் குற்றவாளி நான். "நேரத்துக்குச் சோறு கண்ட வயித்துக்கு ஏன் புண்ணு வருது?" என்று மாமியார் என்னிடம் கேட்க மாட்டார், என் காதில் விழும்படி பக்கத்து வீட்டில் கேட்பார். மிளகாயை நிறுத்தினேன். மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், கஞ்சி என்று மாற்றி மாற்றிக் கொடுத்ததில் எனக்கும் நாக்கு செத்துப்போனது. எரிச்சல் மட்டும் போகவில்லை.

ஒருநாள், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்றார். "கட்டங்காப்பி குடிச்சா அப்படித்தேன் போகும்ணே" என்று ஜீப்பில் வருகிறவர்கள் சொல்லிவிட்டார்களாம். மலையில் எல்லோரும் அதையே நம்பினார்கள், நாங்களும் நம்பினோம். அது வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் என்பது, அவர் ரத்தமாக வாந்தி எடுத்து மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மறுபடி ரத்தம் வந்தால் இரைப்பையில் பாதியை வெட்ட வேண்டியிருக்கும் என்றார்கள். அங்கிருந்த இளம் டாக்டர் ஒருவர், இந்தப் புண்ணுக்கு ஒரு கிருமி காரணமாக இருக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள் என்றார். உள்ளேயிருந்து துளி சதையைக் கிள்ளி ஒரு மஞ்சள் மருந்துக் குப்பியில் போட்டார். கிருமி இருந்தால் மருந்து சிவக்குமாம். மஞ்சளாகவே இருந்தது.

மாமியாருக்கு அது போதும். கிருமி இல்லையென்றால் மிச்சம் நான்தானே.

டாக்டர்தான் விடவில்லை. "ரத்தம் கசியும்போது இந்தச் சோதனைய முழுசா நம்ப முடியாதும்மா. இருக்கிற கிருமியையும் இல்லைன்னு காட்டிடும். புண்ணு ஆறினதும் திரும்பக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

போக வேண்டிய நாள் வந்ததும் என் கணவர் மறுத்தார். "அந்தக் கொழாய இன்னொருக்கா முழுங்கச் சொல்றதுக்கு, நீ வெசத்தக் குடுத்துரு." வாதாட எனக்குத் தெம்பில்லை. "பஸ்சு வந்துரும், வெரசா கெளம்புங்க" என்று மட்டும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, வந்தார்.

இந்தத் தடவை குப்பி சிவந்தது. "சாப்பாட்டால வந்தது இல்லம்மா இது" என்றார் டாக்டர். நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். தனக்காக அழுகிறேன் என்று என் கணவர் நினைத்துக்கொண்டார், பாதி எனக்காகத்தான்.

கத்தி படாமல் மாத்திரையிலேயே குணமானார். என்மேல் போட்ட பழியை மாமியார் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டுச் சண்டை போட எனக்கும் ஆசைதான், ஆனால் அவ்வளவு அசதி.

இன்றைக்கும் எந்த வீட்டிலாவது ஆணுக்கு வயிற்றுவலி என்றால், எல்லோரும் அந்த வீட்டுப் பெண்ணிடம் என்ன சமைத்தாய் என்று கேட்கும்போது, நான் அவளிடம் நீ சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறேன்.