எட்டுக்கு ஏறி எட்டு இருபதுக்கு

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கிறேன். ஒரே கட்டுத் திரியில் ஒரே நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டிப் பற்றவைத்து, கடிகாரத்தைப் பார்ப்பேன். இரண்டும் எரிந்து முடிய ஒரே நேரம்தான் ஆக வேண்டும். ஒன்று முந்தினாலும் கட்டு முழுவதையும் ஒதுக்கிவிடுவேன். அதில் யார் சொன்னாலும் கேட்க மாட்டேன்.

என் மகளைப் பெண் பார்க்க இருக்கன்குடி கோயிலுக்கு வந்த மாப்பிள்ளைக்கு மாட்ரிட்டில் வேலை. வெளிநாட்டு மாப்பிள்ளை என்றாலே எனக்கு எங்கோ இடிக்கும். மெல்லப் பேச்சுக் கொடுத்தேன்.

“வாரத்துல ஒரு நாள் லிஸ்பன் ஆபீசுக்குப் போகணும் மாமா. காலைல எட்டுக்கு பிளைட் ஏறுனா எட்டு இருபதுக்கு இறங்கிருவேன். சாயங்காலம் ஆறுக்கு ஏறுனா எட்டு இருபதுக்கு மாட்ரிட் வந்துருவேன்.”

“தூரம் எம்புட்டு இருக்கும்?”

“ஐநூறு கிலோமீட்டர் இருக்கும் மாமா.”

அதற்குள் அவருடைய அம்மா அர்ச்சனைக்குக் கூப்பிட, எழுந்து போய்விட்டார். எனக்குச் சாமி கும்பிடவே ஓடவில்லை. ஐநூறு கிலோமீட்டர் என்றால் விருதுநகரிலிருந்து சென்னை. இருபது நிமிடத்தில் சிவகாசி பஸ் சாத்தூரைக்கூடத் தொடாது. சரி, அதிவேக விமானம் என்றே வைத்துக்கொள்வோம். அதே வழியில் திரும்பிவர மட்டும் ஏன் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல்? ஆள் அந்த ஊரிலேயே இல்லை என்று முடிவுகட்டி, வீட்டிலும் அப்படியே சொன்னேன்.

“அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க” என்றாள் என் மனைவி. நான் கேட்கவில்லை. மறுநாளே சம்பந்தம் வேண்டாமென்று சொல்லி அனுப்பினேன். பிள்ளையைக் காப்பாற்றிவிட்டதாக நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த ஆவணியில் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்தது. புது வருஷத்துக்கு அச்சாபீசில் கொடுத்த டைரியைச் சும்மா புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் உலக நகரங்களின் நேரம் போட்டிருந்தது. மாட்ரிட்டில் எட்டு மணி என்றால் லிஸ்பனில் ஏழு. விரல்விட்டுக் கணக்குப் போட்டேன். போகவும் ஒரு மணி இருபது நிமிடம், வரவும் அதே ஒரு மணி இருபது நிமிடம். திரியில் குறையே இல்லை.

டைரியை மகளிடம் காட்டினேன்.

“தெரியும்ப்பா” என்றாள்.

“எப்பருந்து?”

“அன்னைக்கே. அவுகளே போன்ல சொன்னாக.”

“அப்பவே எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லம்மா?”

“சொல்லிருந்தா, உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டிருப்பீக. அதுல இன்னொரு சந்தேகம் வந்திருக்கும்.” டைரியை மூடி என் கையில் கொடுத்தாள். “எனக்கு அவுகளப் பிடிச்சிருந்துச்சுப்பா.”

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை வேறு.

“எம்புட்டு நாளா பேசிக்கிட்டிருந்த?”