கடவுளோடு பேச்சு நின்றவர்

“தலையை ஆட்டாதீங்க பாஸ்டர். ஆமான்னா கண்ணை மூடுங்க. இல்லைன்னா தெறந்தே வைங்க.”

சவரக்கத்தி தொண்டைக்குழிக்கு வந்த பிறகுதான் இந்த முடிதிருத்துபவர் கேள்வியை எடுப்பார். மற்றவர்களிடம் மழை, வெயில், விலைவாசி பேசுவார். சபைப் போதகர் வந்து உட்கார்ந்தால் மட்டும் வேதம். பதில் சொல்ல வாய் திறந்தால் நுரை உள்ளே போகும். அதற்காகவே உதட்டோரம் தாராளமாகப் பூசிவைப்பார்.

“வேதத்துல ஒரு தீர்க்கதரிசியை வழுக்கைத் தலைன்னு பசங்க கிண்டல் பண்ணுச்சுங்க. அதுக்குக் கடவுள் கரடியை விட்டு நாப்பத்திரண்டு பேரைக் கிழிக்கிறதா? என்னைப் பாருங்க.” குனிந்து தன் மண்டையைக் காட்டினார். விளக்கு அதில் முகம் பார்த்தது. “இந்தத் தெருப் பிள்ளைங்க எனக்கு வச்ச பேரே மொட்டை. நான் மிட்டாய்தான் குடுக்கறேன். இப்பச் சொல்லுங்க, நல்லவரு நானா, அவரா?”

போதகரின் கண்கள் மூடுவதா திறப்பதா என்று தவித்தன.

மூலையில் பழுதான டிரிம்மரைப் பிரித்துக்கொண்டிருந்த முடிதிருத்துபவரின் மகள், சிரிப்பை அடக்கத் திருகாணியைப் பல்லில் கடித்தாள். மோட்டார் பழுது பார்ப்பது அவள் தொழில். எந்த இயந்திரம் நின்றாலும் காரணம் கண்டுபிடித்துவிடுவாள். போன வருடம் அம்மாவின் இதயம் நின்றதற்கு மட்டும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து அப்பாவுக்கும் கடவுளுக்கும் பேச்சு இல்லை. ஆராதனைக்குப் போவார், கடைசி பெஞ்சில் உட்காருவார், பாட்டுக்கு எழுந்து நிற்பார். ஜெபம் என்றதும் கண்ணை அகல விரித்து, குனிந்த தலைகளில் யார் எங்கே முடி வெட்டிக்கொண்டார்கள் என்று ஆராய்வார். வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால், “நீயே சொல்லிடும்மா. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கெடையாது” என்று, முறைத்துக்கொண்ட சம்பந்தியைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடவுளே இல்லை என்று விட்டுத் தொலைக்கலாமே என்றால் அதுவும் முடியாது. “இல்லைன்னு சொல்லிட்டா அப்புறம் யாரோட சண்டை போடறது?”

போதகர் இன்று வந்தது சவரத்துக்கு மட்டுமல்ல. ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் நினைவு ஆராதனை. வீட்டாரில் ஒருவர் எழுந்து ஜெபிக்க வேண்டும். மகளுக்குக் கூட்டத்தில் பேச வராது. அப்பாதான் வாய் திறக்க வேண்டும்.

“வேதத்துல ஒரு நல்ல மனுஷனுக்குப் பிள்ளைங்க மொத்தமும் செத்துப்போச்சு. கடைசியில வேற பிள்ளைங்களைக் குடுத்துட்டாராம், சரியாப் போச்சாம். உடைஞ்ச கண்ணாடியை மாத்தித் தர்ற மாதிரி! எனக்கும் ஒண்ணு மாத்தித் தருவாரா?”

“அப்பா!”

“பொண்ணு பாக்கச் சொல்லலைம்மா, நியாயம் கேக்கறேன்.” கத்தி தாடைக்கு ஏறியது. குரல் இறங்கியது. “அவளை எடுத்தது நியாயமா, பாஸ்டர்?”

போதகர் கண்ணால் பதில் சொல்லவில்லை. கத்தியை விரலால் மெல்ல ஒதுக்கிவிட்டு, ஒரு கன்னம் வழுவழுப்பும் மறு கன்னம் நுரையுமாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தெரியலைண்ணே. என் தம்பி செத்தப்ப நானும் கேட்டேன். பதில் வரலை. பிரசங்கத்துல மட்டும் வந்த மாதிரியே பேசிக்கிட்டிருக்கேன்.”

சொல்லி முடித்ததும் உதட்டில் ஒரு குமிழ் ஊதிக்கொண்டு வந்து பட்டென்று உடைந்தது.

அவ்வளவுதான். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு போதகருக்குத் தொற்றியது. மகளின் வாயிலிருந்த திருகாணி எங்கோ தெறித்தது.

“அடப்பாவி பாஸ்டரே! இதை மொதல்லயே சொல்லியிருந்தா இத்தனை மாசம் நுரை தின்னிருக்க வேண்டாமே!”

“ஞாயித்துக்கிழமை ஜெபம்?”

“எனக்கு நன்றி சொல்ல வராது.”

“சண்டை போட வருமில்ல? எழுந்து அதைப் போடுங்க. நான் ஆமென் சொல்றேன்.”

மறு கன்னத்தையும் வழித்து, துடைத்து, அனுப்பிவைத்தார். கடையில் வேறு யாருமில்லை. மகள் தரையில் கவிழ்ந்து திருகாணி தேடினாள். அப்பா போர்வைத் துணியை உதறினார். அடுத்த ஆளைக் கூப்பிடுகிறவர் போலக் காலி நாற்காலியைத் துண்டால் இரண்டு தட்டு தட்டினார். வாசல் பக்கம் திரும்பவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்து, “வாங்க, உக்காருங்க” என்றபடி கத்தியைத் தீட்டத் தொடங்கினார்.