தலைவர் வாங்கி வந்த சுத்தமான தமிழ் மேளம்

எங்கள் அம்மன் கோயில் தலைவருக்குத் திடீரென்று தமிழ்ப்பற்று முற்றிப்போனதற்குக் காரணம் ஒரு வீடியோ. சென்னையிலிருந்து யாங்கோன் வந்த விருந்தாளி ஒருவர், தீமிதித் திருவிழாவில் நாங்கள் மேளம் அடிப்பதைக் கைப்பேசியில் பிடித்து இணையத்தில் போட்டார். அதற்குக் கீழே ஒரு புண்ணியவான், "இது தமிழ் மேளம் மாதிரியே இல்லையே, பர்மாக்காரன் அடிக்கிறானா?" என்று எழுதிவிட்டான். அன்றிலிருந்து தலைவருக்குச் சோறு இறங்கவில்லை என்று கேள்வி.

எழுதியவனைக் குற்றம் சொல்லமுடியாது. உறுமி அடிக்கும் நான் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்த தமிழர்களின் வாரிசு. பம்பை அடிக்கும் என் மச்சான் அசல் பர்மியன். என் தங்கையைக் கட்டிய பாவத்துக்கு மேளம் கற்றுக்கொண்டான். திருவிழா வருஷத்துக்கு ஒரு தடவைதான். மற்ற நாளெல்லாம் எங்களுக்குச் சோறு போடுவது பர்மியர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சீவரம் உடுத்திப் புத்தத் துறவியாக்க நடத்தும் ஊர்வலங்கள். அங்கே அடித்தடித்து எங்கள் அடியிலும் அவர்கள் நடை ஏறிவிட்டது. அங்கே எங்களுக்குப் பெயர் காலா மேளம், அதாவது இந்தியாக்காரன் மேளம். கோயிலில் பர்மா மேளம். எங்கே போனாலும் மரியாதைக்குக் குறைச்சலே இல்லை.

தலைவர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. இந்த வருசம் அம்மனுக்குச் சுத்தமான தமிழ் மேளம் ஏற்பாடு பண்ணியாச்சு."

"ஊர்லேர்ந்து ஆள் வர்றாங்களா, சயா?" என்றேன். இங்கே ஐயாவுக்குச் சயா.

"ஆள் எதுக்கு?" என்று ஆளுயர ஸ்பீக்கர் ஒன்றைத் தட்டிக் காட்டினார். உறுமிச் சத்தத்தை இணையத்திலிருந்து இறக்கி வைத்திருந்தார். சாப்பாடு கேட்காத, வெற்றிலை கேட்காத மேளக்காரன்.

திருவிழாக் காலையில் அலோன் ஆற்றங்கரையில் கூட்டம் கூடியது. கரகம் எடுப்பவர் மேல் அம்மன் இறங்கி உத்தரவு கொடுத்தால்தான் கரகம் கரையைவிட்டு நகரும். அதுவரை கோயிலில் தீக்குழி காத்துக்கிடக்கவேண்டியதுதான். கரகம் எடுத்தது மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் கடைக்கார அக்கா. வெளிநாட்டுக்குப் போன மகனிடமிருந்து வெகுநாளாகத் தகவல் இல்லை. அவனுக்காக விரதம் இருந்து எடுக்கிறார். நானும் மச்சானும் தூங்குமூஞ்சி மரத்தடியில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் அக்கரையில் த்வாண்டேயில் ஒரு ஊர்வலம் இருந்ததால் மேளமும் கூடவே இருந்தது. வேடிக்கை பார்க்கத்தான் வந்தோம் என்பதை மறைப்பானேன்.

ஸ்பீக்கர் அதிர்ந்தது. அடி சுத்தம்தான், குறை சொல்லக்கூடாது. அக்கா கண்ணை மூடி நின்றார். அம்மன் வரவில்லை. தலைவர் சத்தத்தைக் கூட்டினார். உச்சக்கட்டத்தில் மேளம் நின்று ஒரு பெண் குரல், "மறக்காம நம்ம சேனலை சப்ஸ்கிரைப் பண்ணுங்க" என்று கேட்டுக்கொண்டது. கூட்டத்தில் பாதிப் பேர் அதையும் அருள்வாக்கு என்று நினைத்துக் கும்பிட்டார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

வெயில் ஏறியது. "நான் என்ன குத்தம் பண்ணேன்? என் மகனுக்கு ஏதும் ஆயிருச்சா?" என்று அக்கா கரகத்தோடு நின்றபடியே அழுதார். என் சிரிப்பு அந்த இடத்தில் செத்தது. தலைவரின் வேலைக்கு இந்தப் பெண் பழி சுமக்கிறாளே என்று ஆத்திரம் வந்தது. மச்சான் என்னைக் கேட்கவில்லை. லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு பம்பையைத் தூக்கினான். நான் உறுமியோடு பின்னால் ஓடினேன்.

எங்கள் கலப்பட அடியைத்தான் அடித்தோம். அக்கா பிறந்ததிலிருந்து கேட்ட அடி அதுதான். கொஞ்ச நேரத்தில் அவர் உடம்பு குலுங்கியது, கூட்டம் குலவையிட்டது, அம்மன் வந்துவிட்டாள். வந்தவள் தலைவரை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "என் பிள்ளைகள் வருவதற்கு ஏன் இவ்வளவு நேரம்?"

கேட்டது பர்மிய மொழியில்.

கோயிலுக்குள் தமிழில் மட்டுமே பேசவேண்டும் என்று பலகை மாட்டியவர் எங்கள் தலைவர். கைகுவித்து, பர்மிய மொழியிலேயே மன்னிப்புக் கேட்டார். தமிழில் கேட்டால் அம்மனுக்குப் புரியுமோ என்ற சந்தேகம் அவருக்கே வந்திருக்கவேண்டும்.

அம்மன் முதல் திருநீற்றை மச்சான் நெற்றியில் பூசினாள். கரகம் கரையைவிட்டு நகர்ந்தது. தலைவரைப் பார்த்துச் சிரிக்க எவ்வளவோ இருந்தது. ஆனால் 'என் பிள்ளைகள்' என்று எங்களைச் சொன்ன வாய் அதுவரை ஒன்றுமில்லை. கோயில் வரைக்கும் நாங்கள் இருவரும் அழுதுகொண்டேதான் அடித்தோம்.