டபுள் கோட்டும் காட்டுச் சிலந்தியும்

அவர் விரல்கள் ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவைக் குலுக்கின. எதிரே, காட்டு நிழலில் இரண்டு செடிகளுக்கு நடுவே, உள்ளங்கை அகலத்தில் ஒரு வலை.

"சிலந்தி இறங்கிடுச்சா?"

"புல்லால தள்ளிவிட்டுட்டேன். இலைக்கு அடியில உட்கார்ந்து உங்களத்தான் முறைக்குது," என்றாள் மனைவி.

அவர் கார் பட்டறையில் பெயின்டர். ஒரே பூச்சோடு எந்த வண்டியையும் வெளியே விட்டதில்லை என்பதால் அங்கே அவருக்குப் பெயரே டபுள் கோட். வலை எடுப்பது தானாகக் கற்றுக்கொண்ட வேலை. வலைமேல் வெள்ளை பெயின்ட்டைத் தூவி, பசை தடவிய கறுப்பு அட்டையைப் பின்னாலிருந்து கொண்டுவந்து அப்படியே ஒட்டி எடுப்பார். தோட்டத்துச் சிலந்திகளின் வலைகளை எடுத்து அருங்காட்சியகத்தின் சிலந்திவலைக் காட்சிக்குக் கொடுத்தாயிற்று. மிச்சம் இந்தக் காட்டுச் சிலந்தியின் வலை ஒன்றுதான். நாலைந்து வகைகளே உள்ள சின்னப் பேரினம். காட்டு நிழலை விட்டு வெளியே வராது. மிளகளவு உடம்பு. வெயில் ஏறினால் தன் வலையைத் தானே சுருட்டித் தின்றுவிடும்.

வாரம் முழுக்க ஒரே தொல்லை. முதல் பூச்சில் வலை மங்கலாகத் தெரியும். மனசு கேட்காது. கை தானாக மறுபடியும் போகும். ஈரம் தாங்காமல் நூல்கள் ஒட்டிக்கொண்டு, வலை நனைந்த துணிபோலத் தொங்கும். இன்றைக்கும் கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் போட்டோவை ஒட்டிவிடுவதாக அருங்காட்சியகத்து மேடம் சொல்லிவிட்டார். பட்டறை முழுக்கப் பீற்றிக்கொண்டவர் எந்த முகத்தோடு அங்கே போவார்?

காலையிலேயே இரண்டு வலை பாழ்.

"சனியன்!"

"யாரத் திட்டுறீங்க? சிலந்தியையா, உங்க கையையா?"

"பேசாம அட்டையப் பிடிடி."

மூச்சை அடக்கி ஒரு முறை அடித்தார். புகைபோல வட்டங்கள் எழுந்தன. நடுவில், சிலந்தி உட்காரும் சின்ன ஓட்டைகூடத் தெரிந்தது. ஆனால் ஓரம் மங்கலாகக் கிடந்தது. விரல் மறுபடி அழுத்தப் போனது.

"என்னங்க, இது கார் கதவு இல்ல!"

டப்பாவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். அவர் பல்லைக் கடித்தபடி அட்டையை வாங்கி, வலையோடு சேர்த்து, அதைச் செடிகளோடு கட்டியிருந்த நூல்களைக் கத்தரித்தார். முழு வலையும் ஒட்டிக்கொண்டது.

பாதை முடிவில் வண்டியோடு நின்ற மேடம் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"அருமையா வந்திருக்கு. ஓரம் மட்டும் கொஞ்சம் லேசா இருக்கோ?"

"அதான் மேடம், நானும் சொன்னேன்! குடுங்க, ஒரே ஒரு..."

"எடுத்துட்டுக் கிளம்புங்க மேடம்," என்றாள் மனைவி, டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.