வாசலில் நட்ட ஹை-ஹாட் குழாய்

விருதுநகரில் ஒரு பழைய இரும்புக் கடையில், சைக்கிள் ரிம்களுக்கும் மின்விசிறிக் கூடுகளுக்கும் அடியில் அந்த ஸ்டாண்டைக் கண்டேன். மூன்று தட்டைக் கால்கள், வார்ப்பிரும்பு மிதி, மிதியை உள்கம்பியோடு இணைக்கும் தோல்வார், நடுவில் இடுப்புயரக் குழாய். டிரம்ஸ் வாசிப்பவர்கள் ஹை-ஹாட் என்பார்கள். எதிரெதிராக இரண்டு வெண்கலத் தட்டுகள் அதில் நிற்கும். காலால் மிதித்தால் ‘ச்சிக்’ என்று மூடிக்கொள்ளும். கடைக்காரர் அதைத் தையல் மிஷினின் பாகம் என்று நினைத்திருந்தார்.

நான் சிவகாசியில் பத்திரிகை நிருபர். கோயில் பொங்கல் சமயங்களில் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பேன். அதே குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த நண்பன், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். ஸ்டாண்டை அவனுடைய பைக்கில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தபோது, முலாம் உரிந்த இடத்தை அவன் நகத்தால் சுரண்டினான்.

“ஏலே மாப்ளே, குழாய் அம்புட்டும் பித்தளை. இப்ப எவன் இப்படிச் செய்றான்?”

“மிதிச்சுப் பாரு, எப்படி வழுக்கிக்கிட்டு இறங்குதுன்னு.”

“உனக்குப் பொண்ணு தேடுற வேலை மிச்சம். இதையே கட்டிக்க.”

அந்த ஸ்டாண்டில் மிதியை அழுத்த வேண்டியதில்லை, பாதத்தின் எடையை வைத்தாலே போதும். புது ஸ்டாண்டுகளில் எனக்கு அது கிடைத்ததில்லை. ஒரே குறை, உயரத்தை நிறுத்தும் திருகு தேய்ந்திருந்தது. பாட்டின் நடுவே தட்டுகள் மெல்ல இறங்கிவிடும். இறுக்கி இறுக்கிக் குழாயில் மூன்று குழிகள் ஒரே கோட்டில் விழுந்திருந்தன.

“குடு, தெரிஞ்ச லேத் பட்டறை இருக்கு” என்றான் நண்பன். குழாயைக் கழற்றிக் கொடுத்தேன். தீபாவளி சீசன். கேட்கும்போதெல்லாம், “ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு மாப்ளே” என்றான். பிறகு ஒருநாள், பட்டறையில் அதைப் பழைய பித்தளையோடு சேர்த்து உருக்கிவிட்டார்கள் என்றான். சொல்லும்போது என் தோளில் கை வைத்திருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே என்னை மதுரைக்குக் கூட்டிப்போனான். பழைய சாமான் கடைகளில் வெயிலில் என்னோடு அலைந்தான். இன்னொரு குழாய் கிடைக்கவில்லை. என்னைவிட அவனுக்குத்தான் வருத்தம் அதிகம் என்று பட்டது. திரும்பும் வழியில் நான்தான் அவனைத் தேற்றினேன்.

அடுத்த சீசன் தொடங்கியபோது வேறொரு ஆலையில் வெடிவிபத்து. அதன்பின் அதிகாரிகள் ஆலை ஆலையாக ஆய்வுக்குப் போனார்கள். செய்திக்காக நானும் போனேன். நண்பனின் ஆலைக்கும் போனோம்.

மருந்து கலக்கும் அறை தனியாக, வேப்பமரங்களுக்கு நடுவில் இருந்தது. அதற்குள் யார் போனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் நட்டிருக்கும் உலோகக் கம்பியைத் தொட வேண்டும். உடம்பிலும் துணியிலும் சேர்ந்த நிலைமின்சாரம், கம்பியின் அடியிலிருந்து போகும் செம்பு ஒயர் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். இறங்காமல் விரல் நுனியில் ஒரு பொறி கிளம்பினால் அறை மிஞ்சாது. எங்கள் பக்கத்தில் இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

வாசலில் நண்பன் நின்றிருந்தான். “சார், தொட்டுட்டு உள்ள வாங்க” என்றான். அவன் என்னைச் சார் என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

தொட்டேன். ஒரே கோட்டில் மூன்று குழிகள் விரலில் தட்டுப்பட்டன.

நான் அவனைப் பார்த்தேன். அவன் அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி தொட்டார், தலையசைத்தார், குறித்துக்கொண்டார். நான் குனிந்து குழாயின் அடியைப் பார்த்தேன். செம்பு ஒயர் இல்லை. நண்பன் என் காதருகே வந்தான்.

“மாப்ளே, மொதலாளி எர்த் போட்டுத் தரல. செக்கிங்குக்குன்னு இதை நிப்பாட்டினேன். சீசன் முடியட்டும், நானே புடுங்கிக் கொண்டாந்து தாரேன்.”

இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கினேன். சிரமமில்லாமல் வந்தது. அடியில் ஒரு சாண் அளவுக்குக் காய்ந்த கரிசல் மண் ஒட்டியிருந்தது, வேறொன்றும் இல்லை. அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

அறையை மூடச் சொல்லிவிட்டார்கள். உள்ளே இருந்த பெண்கள் வெளியே வந்து நிழலில் நின்றார்கள். “எல்லாரு சோத்துலயும் மண்ணள்ளிப் போட்டுட்டியேலே” என்று நண்பன் என்னிடம் கத்தினான். பெண்களில் மூத்தவர் அவனைக் கையமர்த்திவிட்டு என்னருகே வந்தார். விரல்களில் அலுமினியத் தூள் மின்னியது.

“தெனமும் இதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் உள்ள போறோம். மருமக வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கும் நான்தான் தொடச் சொன்னேன். இது என்னதுய்யா?”

“டிரம்ஸ் ஸ்டாண்டோட குழாய்ம்மா.”

“கொட்டடிக்கிற சாமானா?”

“ஆமாம்மா.”

குழாயைக் கையில் வாங்கி, துவாரத்தின் வழியாக ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு நண்பன் பக்கம் திரும்பினார்.

“ஏன் தம்பி, அதான் நீங்க ஒருநாளும் உள்ள வராம, வாசல்லயே நின்னு வேலை சொல்லுவீகளா?”

எங்கள் செருப்புகள் எல்லாம் வாசலில் கிடந்தன. அவனுடையவை அவன் காலில் இருந்தன.