சித்திரையில் பார்த்த வடிகால்

ரயில் பாதைக்கு அடியில் தண்ணீர் போவதற்காகக் கட்டியிருந்த ஒரு சிறு பாலத்தை நான் அடைக்கச் சொன்னேன். அதற்காக அறிக்கையில் ஒரு பொய்யும் எழுதினேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்றிய சமயம் அது. அந்தப் பகுதிக்கு நான்தான் பொறியாளர்.

பழைய பாதை வெள்ளைக்காரர் காலத்தில் போட்டது. வடக்கு தெற்காக ஓடும் அந்தக் கரையில் கூப்பிடு தூரத்துக்கு ஒரு சிறு பாலம் விட்டிருந்தார்கள். வயல்காடு மேற்கே, கடல் கிழக்கே. பெய்கிற மழையெல்லாம் அந்தப் பாலங்களின் கண்கள் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். எனக்கு அது உறைக்கவில்லை. நான் பிறந்தது ஒரத்தநாட்டுப் பக்கம், சற்று மேடான பூமி. தண்ணீர் வருமா என்பதே எங்கள் கவலை. வந்த தண்ணீர் போகுமா என்று கவலைப்பட்டவர்களை நான் பார்த்ததில்லை.

நான் ஆய்வுக்குப் போனது சித்திரை வெயிலில். பாலத்தின் கீழே மண் வெடித்துக் கிடந்தது. ஆடுகள் நிழலுக்குப் படுத்திருந்தன. பக்கத்து வயல்காரர் ஓடி வந்தார். தலைமுறை தலைமுறையாகப் பண்ணை வேலை செய்த குடும்பம். அவர் காலத்தில்தான் ஆறு மா நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர், சொந்தமாகியிருந்தது.

“ஐயா, இது வடிகாலுங்க. இத அடைச்சா தண்ணி எங்க நெலத்துலதான் நிக்கும்.”

“தண்ணி எங்கய்யா இருக்கு? ஆடு படுக்கறதுக்கா பாலம் கட்டணும்?” என்றேன். என்னுடன் வந்தவர்கள் சிரித்தார்கள்.

அவர் மனைவி களைக்கொத்தோடு வரப்பில் நின்றிருந்தார். “சித்திரையில வந்து தண்ணியத் தேடுறாரு பாரு! ஐப்பசியில வரச் சொல்லுங்க, நீந்திப் பாக்கட்டும்” என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. வேலையைச் சீக்கிரம் முடிக்கும் அவசரமும் இருந்தது. ‘ஊராரை விசாரித்ததில் ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பல வருடம் ரயிலில்லாமல் கிடந்த ஊருக்கு வண்டி திரும்ப வந்த அன்று எஞ்சினுக்கு மாலை போட்டார்கள். கூட்டத்தில் அவரும் நின்றார். “இனிமே பொண்ணு காலேசுக்கு பஸ்ஸுல தொங்க வேணாங்க” என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

ஐப்பசி மழையில் அவர் வயல் பத்து நாள் மூழ்கிக் கிடந்தது. சம்பாப் பயிர் அழுகிவிட்டது. கைபேசியில் கூப்பிட்டார். “ஐயா, ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போங்க.” நான் அப்போது மாற்றலாகி வேறு ஊரில் இருந்தேன். “மனு குடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். இளவட்டங்கள் கடப்பாரையோடு பாதைக்கரையை வெட்டக் கிளம்பியதையும், “நம்ம புள்ளைங்க போற வண்டிடா” என்று அவர்தான் குறுக்கே நின்றதையும் பிறகு கேள்விப்பட்டேன். மூன்று வருடம் இப்படியே அழுகியது. நான்காம் வருடம் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, அதே வண்டியில் ஏறித் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்.

ஓய்வுபெற்ற பின், நான் எழுதியது பொய் என்று ஒப்புக்கொண்டு மனு எழுதினேன். ரயில்வே அலுவலகத்தில் அதை வாங்கிப் படித்த இளம் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

“உங்க மேல நீங்களே கம்ப்ளைன்ட் குடுக்குறீங்களா? பென்ஷன்ல கை வைப்பாங்க சார்.”

“வைக்கட்டும். பாலத்தைத் திறங்க.”

என்னை விசாரணைக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள். பாலத்துக்காக நான் பல முறை படியேறினேன். கடைசியில் கரைக்கு அடியில் இரண்டு சிமெண்ட் குழாய்கள் பதித்தார்கள். பழைய பாலத்தின் அகலம் இல்லை. ஆனால் தண்ணீர் போகும்.

அந்த ஐப்பசியில் போனேன். அவர் மனைவி நம்பிக்கையில்லாமல் ஒரு மாவில் மட்டும் நட்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

“எங்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? ஊர விட்டுப் போனவரு அவரு. தீவாளிக்கு வருவாரு, அவருகிட்ட கேளுங்க.”

தீபாவளிக்கு முந்தின நாள் ஸ்டேஷனில் நின்றேன். வண்டியை விட்டு இறங்கியவர் முடியெல்லாம் நரைத்து மெலிந்திருந்தார். நான் பேச வாயெடுக்குமுன், “வடியுதா?” என்றார்.

“வடியுதுங்க.”

பையோடு நேராக வயலுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நட்ட பயிருக்குள் இறங்கினார். தண்ணீர் கணுக்காலுக்கு மேலே இல்லை. குழாய் வாயில் கை வைத்து இழுப்பைப் பார்த்தார். நான் செய்ததை ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டே கையைக் கழுவினார்.

“அடுத்த மழைக்கும் வடியட்டுங்க. அப்புறம் பாப்போம்” என்றார். நான்காம் நாள் திருப்பூருக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்த வருடம் ஆறு மாவிலும் நடவு நடந்துகொண்டிருந்தது. அவர் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. வண்டியில் போகும்போது ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். குனிந்து நாற்று முடிகளைக் கட்டவிழ்த்துப் பிரித்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.