திரையில் தெரிந்தது, திறந்தால் இல்லை!

வீரபாண்டியில் பனியன் சாம்பிள்களைப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். படங்களை வகைபிரித்துத் தேட உதவும் மென்பொருள் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். எல்லாப் படமும் நிறவாரியாக அழகாக அடுக்கப்பட்டிருந்தது. துணி குடோனுக்குப் போய்விட்டால் மேஜையைக் காலி செய்வோமே, அதே நினைப்பில் கணினியில் இருந்த பழைய போல்டர்களை அடியோடு அழித்துவிட்டேன்.

மறுநாள், பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கவிதா வந்தார்.

"அண்ணா, அந்த ரோஸ் கலர் குழந்தைச் சட்டையைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடுங்க. சாம்பிள் வெளிநாட்டுக்குப் போயிருச்சுங்க, மறுபடி எடுக்க முடியாது."

எடிட் செய்யத் திறந்தால், அசல் படம் காணவில்லை என்றது திரை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மென்பொருளுக்குள் இருந்தவை சின்ன மாதிரிப் படங்கள் மட்டும்தான்; அசல் எல்லாம் நான் அழித்த போல்டரில்!

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமுங்களா? ஓனர் என்னையத் தொலைச்சுப்போடுவாருங்ண்ணா!" என்று கவிதா தலையில் கை வைத்துக்கொண்டார்.

நல்லவேளை, அடுத்த சாம்பிள் தையலில் தாமதமானதால் கேமரா கார்டை நான் இன்னும் அழிக்கவில்லை. அதிலிருந்து அந்தச் சட்டை திரைக்கு வந்தபோதுதான் இருவருக்கும் மூச்சு வந்தது.

இப்போது அசலை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிய பிறகே மென்பொருளைத் தொடுகிறேன். "சட்டை வாங்குற வெளிநாட்டு பையர் ஓகே சொல்லிட்டாங்ண்ணா" என்று கவிதா போன் செய்யும்வரை கார்டையும் அழிப்பதில்லை.